நாங்களே போட்ட வோட்டு

சுபஹு தொழுவதற்காக முகத்தில் விட்ட தண்ணீர் காயும் முன்பே நாங்கள் சேற்றில் இறங்கிவிடுவோம். அந்த நேரத்தில்தான் பழைய இறால் குளங்களில் தண்ணீர் வற்றிக் கிடக்கும். வெயில் ஏறினால் சேறு பிடித்துக்கொள்ளும். வைத்த காலை இழுத்தெடுக்க இன்னொருத்தி வேண்டும். நாற்பத்தொரு பெண்கள். சிப்பி வெட்டாமலிருக்கக் காலில் புருசன்மார் சப்பாத்துக்குள் போட்டுத் தேய்ந்த பழைய மேஸ். தோளில் யூரியாப் பை நிறையக் கண்டல் விதை, ஒவ்வொன்றும் ஒரு முழ நீளம். இரண்டு பேர் முடிச்சுப் போட்ட கயிற்றை இழுத்துப் பிடிக்க, முடிச்சுக்கு ஒன்றாக மற்றவர்கள் சேற்றில் குத்திக்கொண்டு போவோம். குத்தியதோடு வேலை முடியாது. சேற்றுக் கையை உடுப்பில் துடைத்து, கழுத்தில் தொங்குகிற போனை எடுத்து, கன்றை ஒவ்வொன்றாகப் படம் பிடிக்க வேண்டும். படம் கொழும்புக்குப் போய், கொழும்பிலிருந்து உலகத்துக்குப் போகும். படம் இல்லாத கன்றை நட்டதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

என் பெயர் பளீலா. நாற்பத்தெட்டு வயது. எனக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும். நீள வேண்டிய நாளில் அது நீளவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

இந்தக் குளங்களை வெட்டியவன் ஒரு முதலாளி. கடல் தண்ணீர் ஏறி இறங்குகிற களப்போரத்தில் வேர் விட்டு நின்ற கண்டல் காட்டை அழித்து இறால் வளர்த்தான். இறாலுக்கு நோய் வந்ததும் பூட்டைப் போட்டுவிட்டு ஓடிப்போனான். பத்துப் பன்னிரண்டு வருசம் உப்புப் பூத்துக் கிடந்த நிலத்துக்கு இரண்டு வருசத்துக்கு முன் அஃப்ராஸ் வந்தார். கொழும்புக்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். கதிரை போட்டால் வேண்டாமென்று எங்களோடு பாயில் குந்துவார்.

“சேர் எண்டு கூப்பிட வாணாம். இங்க முதலாளியே இல்ல. இது கம்யூனிட்டி. நடுறவங்கதான் இதுக்குச் சொந்தக்காரங்க” என்றார்.

முதலாளி இல்லாத வேலையை நாங்கள் எங்கே கண்டோம்? வாயைப் பிளந்துகொண்டு கேட்டோம். கண்டல் மரம் காற்றிலிருக்கிற புகையை இழுக்குமாம். அதற்கு வெளிநாட்டுக்காரர்கள் காசு கொடுப்பார்களாம். அந்தக் காசுக்கு ஈடாக ‘வேர்’ என்று ஒரு டோக்கன் உண்டாம். யாரிடம் எத்தனை வேர் இருக்கிறது, எந்தக் காசு எங்கே போனது, யார் எதற்கு வோட்டுப் போட்டார், எல்லாமே ப்ளொக்செயின் என்கிற ஒரு கணக்குக் கொப்பியில் இருக்கும். உலகம் முழுக்க ஆயிரம் கம்ப்யூட்டரில் அதே கொப்பிதான். எவரும் பார்க்கலாம், எவராலும் அழிக்க முடியாது. எங்கள் நாட்கூலியில் நாலில் ஒரு பங்கு வேராக வரும், மிச்சம் கையில் வரும். கையில் வருவதிலும் ஐம்பது ரூபாய் விபத்து நிதிக்குப் போகும். அந்த நிதியில் எவராவது கைவைக்க வேண்டுமென்றால் நடுகிற பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ஓம் சொல்ல வேண்டும், தலைக்கு ஒரு வோட்டு. மற்ற விசயங்களுக்கெல்லாம் வேரின் எண்ணிக்கைதான் வோட்டு. எங்களுக்கென்று எழுதி வைத்த சட்டம் அந்த நிதிச் சட்டம் ஒன்றுதான்.

போனைத் தந்த அன்று ஆளுக்குப் பன்னிரண்டு இங்கிலீஷ் சொற்களையும் தாளில் எழுதித் தந்தார்கள். “இது ஒங்கட சாவி. போன் தொலஞ்சாலும் இது இரிந்தா எல்லாம் திரும்பி வரும். வேற யாருக்கும் காட்ட வாணாம்” என்றார் அஃப்ராஸ். மழைக்கு ஒழுகுகிற வீட்டில் ஒரு தாளை எங்கே ஒளிப்பது? எங்கள் ஊரில் இதற்கு ஒரு வழி இருந்தது. குவைத்துக்கும் சவூதிக்கும் வேலைக்குப் போகிற பெண்கள் போகுமுன் மாலையையும் காப்பையும் ஊரில் மூத்தவரான சித்தி லெய்லா ராத்தாவிடம் அமானிதமாக, திரும்பி வரும்வரை பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவருடைய அலுமாரியில் முப்பது வருசமாக ஒரு மோதிரம் மாறியதில்லை. நாற்பத்தொரு தாளையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு அவரிடமே கொடுத்தோம். அவருடைய மகன் றஸ்மிதான் எங்கள் வேலைத்தளத்துப் பொறுப்பாளன். அது எங்களுக்கு இன்னும் நிம்மதியாக இருந்தது. மடைச்சிகள் நாங்கள்.

அஸ்ரியாவைத் திருக்கை குத்தியது பெப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை.

அஸ்ரியாவுக்கு முப்பத்து நாலு வயது. கலியாணமாகவில்லை. கூடப்பிறந்த நானாவின் வீட்டில் இருந்தாள். கூலியைக் கொண்டுவந்து கொடுக்கிற வரைக்கும் அந்த வீட்டு மச்சிக்கு, நானாவின் பெண்சாதிக்கு, அவள் சீனிக்கட்டி. எங்களில் கை வேகம் கூடியவளும் அவள்தான். உடைந்த மதகு வழியாக உள்ளே வந்த திருக்கை சேற்றுக்குள் புதைந்து கிடந்திருக்கிறது. அவள் கத்திய கத்தலில் வரம்பிலிருந்த கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது. குதிக்காலுக்கு மேலே முள் ஏறி உடைந்திருந்தது.

“கெதியா சுடுதண்ணில கால வெக்கணும். நான் இவள வூட்டுக்குக் கொண்டு போறன்” என்றேன்.

றஸ்மி வரம்பில் நின்று தன் போனைப் பார்த்தான். “பளீலா சாச்சி, அவட வரிசைல இன்னும் அறுவது படம் இரிக்கி. பாதில விட்டா முழு வரிசையையும் கணக்குல சேக்க மாட்டாங்க. முடிச்சிட்டே போகட்டுமே.”

அஸ்ரியா துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்று முடித்தாள். நான் சண்டை பிடித்திருக்க வேண்டும், பிடிக்கவில்லை. என் வரிசையிலும் நாற்பது படம் பாக்கி இருந்தது.

அவளுக்கு இரத்தத்தில் சீனி கூடுகிற வருத்தம் இருந்தது அவளுக்கே தெரியாது. காயம் கறுத்தது, காய்ச்சல் ஏறியது. அடுத்த வாரம் புதன்கிழமை காலையில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். எட்டரைக்கு அவளை உள்ளே கொண்டுபோனார்கள், பதினொரு மணிக்கு வெளியே கொண்டுவந்தார்கள். அவ்வளவு நேரமும் நான் ஆஸ்பத்திரி வாசலில் மரவாங்கில் குந்தி யாசீன் ஓதிக்கொண்டிருந்தேன். என்னுடைய போனும் அவளுடைய போனும் சார்ஜ் இறங்கிப்போய் என் பைக்குள் கிடந்தன.

ஏப்ரலில் அவள் ஊன்றுகோல் இரண்டோடு நடமாடத் தொடங்கினாள். அதற்குள் மச்சி அவளுடைய பாயை அடுக்களைப் பக்கம் மாற்றிப் போட்டிருந்தாள்.

“ராத்தா, அந்த விபத்து நிதி வந்தா பொய்க்கால் ஒண்டு போடுவன். பொறவு நாத்துமேடைல இரிந்து வேலை செய்ய ஏலும். இந்த வூட்டுல கைநீட்டிச் சோறு தின்ன ஏலாது ராத்தா, ஒவ்வொரு கவளமும் தொண்டைல நிக்கிது” என்றாள்.

கடன் கேட்டுப் போகிறோம் என்ற நினைப்பு எங்களில் ஒருத்திக்கும் இல்லை. எங்கள் நிதி, எங்கள் அஸ்ரியா. வேலை முடிந்த கையோடு பத்துப் பேர் றஸ்மியிடம் போனோம். கொண்டெய்னர் பெட்டி ஒன்றுக்குள் ஏசி போட்டு வைத்திருந்தான், அதுதான் அலுவலகம். எங்களைக் கண்டதும் எழும்பினான்.

“அந்த நிதி இப்ப இல்ல சாச்சி.”

“இல்லெண்டா?”

“விளம்பரத்துக்கு மாத்தியாச்சு. ப்ரபோசல் போட்டு, வோட்டு எடுத்து, எல்லாம் சட்டப்படிதான் நடந்தீக்கி.”

“அதுக்கு நாங்க பாதிப் பேருக்கு மேல ஓம் சொல்லணுமே?”

“சொன்னீங்களே.”

“யாருடா சொன்ன?”

“நாப்பத்தொரு பேரும்” என்று சொல்லிவிட்டு அவன் தரையைப் பார்த்தான்.

எங்களில் பள்ளியை முடித்து ஏஎல் சோதனை வரைக்கும் படித்தவள் நிஸ்மியா. அவள் அந்தப் பெட்டியின் படியிலேயே உட்கார்ந்து போனைத் தோண்டினாள். பிறகு ஒவ்வொரு பெயராக வாசித்தாள். யாரும் அழிக்க முடியாத கொப்பி என்று அஃப்ராஸ் சொன்னது உண்மைதான். எல்லாமே அப்படியே இருந்தது. விபத்து நிதியை விளம்பரத்துக்கு மாற்றுவது, நடுகிற பெண்களில் நாற்பத்தொரு பேர் ஓம், இல்லை என்று ஒருவரும் இல்லை.

“பளீலா ராத்தா, நீங்க ஒம்பது பதினேழுக்குப் போட்டீக்கிறீங்க” என்றாள்.

“எண்டைக்கு?”

“பெப்ரவரி. அந்தப் புதன்கிழம.” போனை என் பக்கம் திருப்பினாள். “அஸ்ரியா ராத்தா ஒம்பது இருவதுக்கு.”

ஒன்பது இருபதுக்கு அவள் கத்திக்குக் கீழே கிடந்தாள். தன் காலை வெட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தக் காலுக்குரிய காசு வேண்டாம் என்று அவளே வோட்டுப் போட்டிருக்கிறாள். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு நிஸ்மியாவின் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

போன் இல்லாமல் வோட்டுப் போட ஒரே வழி அந்தப் பன்னிரண்டு சொல். நாங்கள் சேற்றுக் காலைக் கழுவக்கூட இல்லை. நேரே சித்தி லெய்லா ராத்தாவின் வீட்டுக்குப் போனோம். றஸ்மி ஓட்டமும் நடையுமாகப் பின்னால் வந்தான்.

ராத்தா அஸர் தொழுகைக்கு முசல்லாவை விரித்துக்கொண்டிருந்தார். விசயத்தைச் சொன்னதும் இடுப்பிலிருந்த சாவியை எடுத்து அலுமாரியைத் திறந்தார். டின் இருந்த இடத்தில் இருந்தது. நாற்பத்தொரு தாளும் இருந்தன. அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது, “இந்தா, ஒண்டும் கொறயல்லயே” என்று என்னைப் பார்த்தார். பிறகு என் முகத்தைத் தாண்டி மகனின் முகத்தைப் பார்த்தார்.

“மகன், இத நீ தொறந்தியா?”

“எடுக்கல்ல உம்மா. படம் மட்டுந்தான் எடுத்தன். அஃப்ராஸ் கேட்டாரு. அஸ்ரியாக்கு நிதியக் குடுத்தா மத்த இடத்து ஆக்களும் கேப்பாங்க, அதுக்கு முன்ன மாத்தணும் எண்டாரு. செய்யாட்டி என்ட வேலை போயிரும் உம்மா.”

“எப்ப எடுத்த?”

“நீங்க தொழுற நேரம்.”

சித்தி லெய்லா ராத்தா அலுமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “இதுக்குள்ள நாலு பேர்ட மாலை இரிக்கி, குவைத்ல தெருக்கூட்டிச் சம்பாரிச்சது. அதையும் படம் எடுத்தியாடா? என்ட முப்பது வருசத்த நீ ஒரு நிமிசத்துல வித்துட்டியே, ஹராங்குட்டி.” அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. டின்னைத் தரையில் வைத்து, தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து எங்கள் கையில் தந்தார். அந்த வாரமே நகைகளையும் உரியவர்களின் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். “இனி என்ட்ட ஒண்டும் தராதீங்க” என்று சொன்னாராம். றஸ்மிக்கு அன்றிலிருந்து அந்தக் கொண்டெய்னர் பெட்டிக்குள்தான் படுக்கை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு அஃப்ராஸ் வந்தார். நாங்கள் வரச் சொல்லி ஆறு தடவை போன் எடுத்திருந்தோம். சித்தி லெய்லா ராத்தாவின் முற்றத்தில் வழக்கம்போலப் பாயில் குந்தினார். எங்களுக்கென்று ஒரு பை நிறைய டீசேட் கொண்டுவந்திருந்தார், கற்பிட்டியில் ஒரு ஹோட்டலில் வெளிநாட்டுக்காரர்களை அழைத்து நடத்திய விழாவில் மிஞ்சியவை. நிஸ்மியா ஒன்றை விரித்துப் பார்த்தாள். மேலே இங்கிலீஷில் ‘களப்புப் பெண்களுக்குச் சொந்தமானது’ என்று போட்டிருந்தது. கீழே அஸ்ரியாவின் படம், முழங்கால் சேற்றில் சிரித்துக்கொண்டு, இரண்டு காலோடு.

“இதுக்குத்தான் விபத்து நிதி போச்சா?” என்றேன்.

“இது ஒங்கட கதைய உலகத்துக்குச் சொல்ற வேலை சாச்சி. அப்பதான் வேர்ட விலை கூடும். கூடினா ஒங்களுக்கும் நல்லம்தானே.”

“அந்த வோட்டு நாங்க போட்டதில்ல.”

“ஒங்கட சாவியால போட்டது. சாவிய இன்னொருத்தர்ட்டக் குடுக்க வாணாம் எண்டு நான் படிச்சுப் படிச்சு சொன்னேனே?”

“நாங்க குடுத்தது அமானிதம். களவெடுக்கச் சொன்னது நீங்க. றஸ்மி ஒத்துக்கிட்டான்.”

“அப்பிடி நான் எழுதிக் குடுத்தீக்கிறனா?” அவர் சிரித்த முகத்தை மாற்றவே இல்லை. “செயின்ல ஏறினத என்னால அழிக்க ஏலாது. யாராலயும் ஏலாது.”

“அழிக்கச் சொல்லல்ல. அது பொய்யெண்டு பக்கத்துல எழுதுங்க.”

“அத நான் தனிய செய்ய ஏலாது சாச்சி. நான் முதலாளி இல்லையே. நீங்க புது ப்ரபோசல் போடுங்க, கம்யூனிட்டி வோட்டுப் போடட்டும்.”

அஸ்ரியா பாயின் ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். “நாங்களும் நீங்களும் ஒண்டெண்டா, ஒங்கள்ட்ட எத்தின வேர் சேர்? என்ட்ட இருநூத்திப் பத்து” என்றாள்.

அவர் விரித்த டீசேட்டை எடுத்து மடித்தார். நிஸ்மியா சொன்னாள். ஒரு கோடி வேரில் அறுபத்திரண்டு லட்சம் மூன்று கணக்கில் இருக்கிறது. மூன்றும் ஒரே நாளில் திறந்தவை, ஒன்று அவருடையது, மற்ற இரண்டும் அவருடைய கூட்டாளிகளுடையவை.

“அது ஆரம்பத்துல ரிஸ்க் எடுத்தவங்களுக்கு உள்ளது” என்றார் அஃப்ராஸ்.

“அப்ப நான் எடுத்தது?” என்றாள் அஸ்ரியா.

அவர் எழும்பி, காற்சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டினார். டீசேட் பையை மறந்தவர்போல் விட்டுவிட்டுப் போனார்.

அவர் சொன்னபடியே செய்து பார்த்தோம். நிஸ்மியா இங்கிலீஷில் எழுதினாள். அஸ்ரியாவுக்கு நிதியைத் திருப்பிக் கொடு, விளம்பரத்துக்குப் போன காசு யார் கைக்குப் போனது என்று காட்டு, எல்லா விசயத்துக்கும் தலைக்கு ஒரு வோட்டு என்று சட்டத்தை மாற்று. ஏழு நாள் வோட்டு. நாற்பத்தொரு பேரும் இந்தத் தடவை சொந்தக் கையால், சேற்றைக் கழுவிய விரலால், பிஸ்மி சொல்லிப் போட்டோம். எவரோ முகம் தெரியாத வெளிநாட்டுக்காரர் பதினைந்து பேரும் எங்களோடு ஓம் போட்டிருந்தார்கள், அல்லாஹ் அவர்களுக்கு நல்லதைக் கொடுக்கட்டும். ஆறாம் நாள் இரவு வரைக்கும் நாங்கள்தான் முன்னால். ஏழாம் நாள் முடிய ஐந்து நிமிசம் இருக்கையில் மூன்று கணக்கிலிருந்து ‘இல்லை’ வந்தது. ஐம்பத்தாறு பேர் ஒரு பக்கம், மூன்று பேர் மறுபக்கம். மூன்று பேர் வென்றார்கள்.

அந்த வாரமே கையில் வருகிற கூலி குறைந்தது. நாலில் ஒன்று வேராக வந்தது போய், சரிபாதி வேராக வரும் என்றார்கள். கடைக்காரன் வேருக்குப் பிள்ளைகள் தின்ன ஒரு றாத்தல் பாண் தருவானா? ஜபார் நானாவின் கடையில் கேட்டும் பார்த்தேன். “கண்டல் வேரா? அடுப்பெரிக்கத்தான் ஆகும்” என்றார் மனிதர்.

“இனி ஒருத்தியும் போக வாணாம்” என்று நான்தான் முதலில் சொன்னேன். சொல்லி முடியுமுன் அஸ்ரியா மறித்தாள்.

“வூட்ல குந்தினா நாளைக்கே வேற ஊர்ல இரிந்து லொறில ஆள் ஏத்தி வருவாரு. சேத்துல நாங்க நிண்டா யாரு எறங்குவா? நடுவம் ராத்தா. நாலாயிரம் வெதை பைல கெடக்கு, போட்டு வெச்சா அழுகும். கண்டல் வளந்தா நண்டும் இறாலும் வரும், எங்கட ஆம்புளயள் வலை போடுற களப்பு. நடுறது எங்களுக்கு. படம்தான் அவருக்கு.”

அவள் இன்னும் தெளிவாகச் சொன்னாள். “படம் போகாட்டி கொழும்புக் கணக்குல ஒரு கண்டல் கண்டும் ஏறாது. கண்டு ஏறாட்டி ஒரு வேரும் விக்க ஏலாது. இந்த மாசம் முடியுமுன்ன லட்சம் கண்டு காட்டுறன் எண்டு வெளிநாட்டுக்காரர்ட்டச் சொல்லி வெச்சீக்காரு.”

“கூலி?” என்றாள் ஒருத்தி. அவளுக்கு மூன்று பிள்ளைகள்.

“இல்லாமப் போகும்” என்றாள் அஸ்ரியா. பொய் சொல்லத் தெரியாதவள்.

அன்று மாலை கற்பிட்டிப் பக்கத்து டொறத்திக்குப் போன் எடுத்தேன். களப்பின் அந்தக் கரையில் முப்பது கத்தோலிக்கப் பெண்கள் இதே வேலை செய்கிறார்கள், அவர்களுக்கு அவள்தான் தலைவி. நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

“எங்கட நிதியும் அதே புதன்கிழமைதான் அக்கா போயிருக்கு. எங்கட பன்னெண்டு சொல்லையும் சுப்பவைசர்தான் எழுதித் தந்தவர். அவரிட்டயும் அதில ஒண்டு இருக்கும் எண்டு யார் யோசிச்ச?”

“நாளைக்கு நாங்க படம் எடுக்கல்ல. நீங்க?”

“ஓம் அக்கா, இவையளோட கதைச்சிட்டு சொல்லுறன்” என்றவள் அரை மணியில் திரும்ப எடுத்தாள். “முப்பது பேரும் ஓம். கையை உயத்திப் பாத்தனாங்கள். செயினில இல்லை.”

மறுநாள் விடிய நாற்பது பேர் இறங்கினோம். ஒருத்தி கழுத்திலும் போன் இல்லை. கழுத்து வெறுமையாக இருந்தது எனக்குக் கலியாணத்துக்கு முன்னிருந்த சுகத்தைப்போல் இருந்தது. அஸ்ரியாவை அணைத்துக் கொண்டுவந்து வரம்பில் சாக்கு விரித்து இருத்தினோம். சித்தி லெய்லா ராத்தா பெரிய கேத்தல் நிறையப் பால் விடாத பிளேன்ரீயும் சீனித் துண்டும் கொண்டுவந்து அவள் பக்கத்தில் குந்தினார்.

ஆறு மணி, ஏழு மணி, ஒரு படமும் போகவில்லை. றஸ்மி வரம்பில் அங்குமிங்கும் நடந்தான். “சாச்சி, போன் பழுதா? மாத்தித் தரவா?” என்றான். நாங்கள் அடுத்த முடிச்சுக்கு விதையைக் குத்தினோம். தன் உம்மாவைப் பார்த்தான். அவர் மறுபக்கம் திரும்பி ஒருத்திக்குக் கோப்பையை நீட்டினார். அவன் தள்ளிப்போய்க் கொழும்புக்குப் போன் எடுத்தான்.

பதினொரு மணிக்கு அஃப்ராஸின் ஜீப் வந்தது. அவர் காதிலிருந்த போனில் இங்கிலீஷில் யாருக்கோ, முடிகிறது, முடிகிறது என்று சொல்லிக்கொண்டே இறங்கினார். அன்றைக்குப் பாய் தேடவில்லை. சப்பாத்துச் சேறாகிறதையும் பாராமல் வரம்பில் வந்து அஸ்ரியாவுக்கு முன்னால் குந்தினார்.

“தங்கச்சி, ஒங்களுக்கு நடந்தது எனக்கும் கவலதான். அஞ்சு லட்சம். என்ட சொந்தக் காசு, கம்யூனிட்டிக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. இப்பவே ஒங்கட நானாட கணக்குக்குப் போடுறன். இவங்கள மட்டும் போன எடுக்கச் சொல்லுங்க.”

ஐந்து லட்சம். பொய்க்கால், மருந்து, அடுக்களையிலிருந்து உள்ளறைக்குப் போகிற பாய், எல்லாம் அதற்குள் இருந்தது. வேண்டாமென்று சொல்ல அங்கே எவளுக்கு உரிமை இருக்கிறது? இரண்டு காலோடு நிற்கிற எங்களுக்கா?

“எடு அஸ்ரியா. ஒருத்தியும் ஒன்னக் கொற சொல்ல மாட்டா. நான் சொல்றன், எடு” என்றேன்.

அவள் அஃப்ராஸைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். அப்படி ஒரு கோபத்தை அவள் முகத்தில் நான் கண்டதில்லை.

“திருக்கை குத்தின அண்டைக்கு றஸ்மிக்கு எதிரா வாயத் தொறக்காம நிண்டீங்க ராத்தா. இண்டைக்கு ஏன் தொறக்கிறீங்க?”

எனக்கு விழுந்த அடி சரியான இடத்தில்தான் விழுந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. சேற்றுக் கையால் துடைக்கவும் வழியில்லாமல் நின்றேன்.

அவள் அவரிடம் திரும்பினாள். “ஒங்கட சொந்தக் காசு எனக்கு வாணாம் சேர். எங்கட காசு வேணும். அது எங்க போச்செண்டு இவங்க எல்லாருக்கும் முன்னால சொல்லணும். நாளைக்கு இன்னொருத்திட கால் போனா, அவளுக்கு முன்னாலயும் வந்து இப்பிடிக் குந்துவீங்களா?”

“போனது போனதுதான் தங்கச்சி. யோசிச்சுக் கதைங்க.”

“அப்ப இனிப் போறதுக்கு ஒரு வழி சொல்லுங்க. தலைக்கு ஒரு வோட்டு எண்டு எழுதுங்க.”

“அத நான் தனிய செய்ய ஏலாதே. அதுக்கும் வோட்டு...”

அவர் முடிக்கவில்லை. நிஸ்மியாதான் முதலில் சிரித்தாள். பிறகு அடுத்தவள், பிறகு சேறு முழுக்கச் சிரிப்பு. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நாங்கள் அப்படிச் சிரித்தோம், அதில் சந்தோசம் ஒன்றும் இல்லை. அஃப்ராஸ் எழும்பினார். “படம் இல்லாட்டி கூலியும் இல்ல” என்றார். அந்த ஒரு சொல்லைச் சொன்னபோது அவர் அசல் முதலாளியாகவே இருந்தார். எனக்கு அது ஒரு வகையில் ஆறுதல், இரண்டு வருசமாக யாரோடு சண்டை பிடிப்பது என்றே தெரியாமல் இருந்தோம்.

ஜீப் போனதும் மிச்சத்தை நட்டு முடித்தோம். நாலாயிரம் கன்று. கொழும்புக் கணக்கில் ஒன்றும் ஏறவில்லை. அந்தக் கரையிலிருந்தும் ஒரு படமும் போகவில்லை என்று டொறத்தி சித்தி லெய்லா ராத்தாவின் போனுக்குச் செய்தி அனுப்பியிருந்தாள். எங்களுக்குச் சம்பளமும் இல்லை. நாளைக்கு என்ன செய்வார்கள், பொலிஸைக் கூப்பிடுவார்களா, லொறியில் ஆள் வருமா, ஒன்றும் தெரியாது.

கரையேறும்போது அஸ்ரியாவின் நானா லத்தீப் வரம்பில் நின்றுகொண்டிருந்தார். செய்தி அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டது. அவர் கையில் ஒரு துணிப்பையும் சுருட்டிய பாயும் இருந்தன. இரண்டையும் அஸ்ரியாவின் பக்கத்தில் வைத்தார்.

“அஞ்சு லட்சத்தக் காலால தட்டினவளுக்கு என்ட வூட்ல சோறில்ல” என்றார். அவரும் வலை இழுத்துப் பிழைக்கிற மனிதர்தான். திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அஸ்ரியா பையைப் பார்த்தபடி இருந்தாள். எவ்வளவு நேரம் இருந்திருப்பாளோ, “என்ட வூட்டுக்கு வா” என்று நான் சொல்ல, “ஏன், எங்கட வூட்டுக்கு என்ன?” என்று நிஸ்மியா கேட்க, மூன்று பிள்ளைக்காரி “என்ட பெரியவள் தனிய படுக்கிறவள், அங்க எடம் இரிக்கி” என்று இடையில் வர, நாற்பது பேரும் சேற்றுக் காலோடு அந்த வரம்பில் சண்டை பிடித்தோம். ஒருத்தி கையிலிருந்து ஒருத்தி பாயைப் பறித்தாள். இந்தக் கூத்துக்கிடையில் சித்தி லெய்லா ராத்தா ஒருவரிடமும் கேட்காமல் துணிப்பையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தன் வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டார்.

அஸ்ரியா ஊன்றுகோல்களை அக்குளில் கொடுத்து எழும்பினாள்.

“மெதுவா நடங்க லெய்லா மாமி, எனக்கு ஒரு கால்தான்” என்று கத்தினாள்.